ஒரே ஒரு 'ஓ' தானே என்கிறார்கள்

ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளுக்கு மெய்ப்புப் பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான். சென்னையில் என்னைப் போன்றவர்கள் ஏராளம். வெளிநாட்டு ஆய்விதழ்கள் பலவற்றின் பக்கங்கள் இங்கேதான் வடிவமைக்கப்பட்டு, திருத்தப்பட்டு, கடல் தாண்டித் திரும்பிப் போகின்றன. வேலை அலுப்பானது, போகட்டும். என் வயிற்றெரிச்சல் எல்லாம் ஓர் ஆங்கில எழுத்தின் மேல்: 'ஓ'.

மியூக்கஸ் என்றொரு சொல் இருக்கிறது. சளிதான், வேறொன்றுமில்லை. 'யு, எஸ்' என்று முடித்தால் அது பெயர்ச்சொல். நடுவே ஓர் 'ஓ' நுழைத்து 'ஓ, யு, எஸ்' என்று முடித்தால் பெயரடை. சளி சார்ந்தது, சளி சுரப்பது என்று பொருள். மூக்கின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு 'ஓ' உண்டு. அந்தச் சவ்விலிருந்து ஒழுகும் சரக்குக்கு 'ஓ' கிடையாது. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எள்ளளவும் வித்தியாசம் கேட்காது. எழுத்தில் மட்டும் பேதம் வைத்து, காதில் ஒன்றாக்கிவிட்டுப் போய்விட்டார்கள் மகராசர்கள்.

சரி, அடுத்த சொல்லுக்கு முன்னால் நின்றால் பெயரடை, 'ஓ' போட்டுவிடலாம் என்று ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள் பலரும். அங்கேதான் குடி கெடுகிறது. மூச்சுக்குழாயில் சளி அடைத்துக்கொண்டால், அந்தச் 'சளி அடைப்பு' என்ற தொடரில் சளி முன்னால் நின்றாலும் பெயர்ச்சொல்லாகவேதான் நிற்கிறது. 'ஓ' வரக் கூடாது. நாம் 'மரப்பெட்டி' என்கிறோமே, அதுபோல. சவ்வுக்கு மட்டும் பெயரடை, அடைப்புக்குப் பெயர்ச்சொல். தமிழில் சளிச்சவ்வு, சளியடைப்பு இரண்டுக்கும் ஒரே சளி போதும். நமக்கு உறைக்காததில் வியப்பில்லை. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு குடித்த பேராசிரியர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள்!

ஒரு விதியாவது ஒழுங்காக இருக்கிறதா? வைரஸுக்குப் பெயரடை வைரல். நியூக்ளியஸுக்கு நியூக்ளியர். யூட்டரஸுக்கு யூட்டரைன். ஒரே வால் முளைத்த சொற்கள், ஆளுக்கொரு திசையில் ஓடுகின்றன. கேலஸ் என்ற சொல்லின் கதை இன்னும் மோசம். 'யு, எஸ்' என்று முடித்தால் காலில் விழும் காய்ப்பு. 'ஓ' சேர்த்தால் இன்றைய வழக்கில் பெரும்பாலும் கல்நெஞ்சம். நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண்களைப் பற்றிய ஒரு கட்டுரை என் மேசைக்கு வந்தது. நோயாளியின் குதிகாலில் ஈவிரக்கமின்மை தடித்துப்போயிருந்ததாம், மருத்துவர் அதைக் கத்தியால் சீவி எடுத்தாராம். சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம்தான். அடுத்த பக்கத்திலும் அதேதான்.

பாஸ்பரஸ் விஷயத்தில்தான் எனக்குச் சிரிப்பும் வருவதில்லை. 1669-இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சிக் கண்டுபிடித்த தனிமம். அணு எண் 15. அதன் பெயரில் 'ஓ' இரண்டு. மூன்றாவது 'ஓ' வால் பகுதியில் கிடையாது. ஆனால் மண்வளம், உரம் பற்றி வருகிற கட்டுரைகளில் பாதி இடத்தில் இரண்டு, பாதி இடத்தில் மூன்று. ஒரே பத்தியில் இரண்டும் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கும். 'பாஸ்பரஸ் உரம்', 'பாஸ்பரஸ் பற்றாக்குறை' என்று வந்தால் போதும், முன்னால் நிற்கிறதே, பெயரடையாக்கு என்று ஒரு 'ஓ'வைச் சொருகிவிடுவார்கள்.

இது வெறும் இலக்கண வம்பு என்றால் நானும் தலையை ஆட்டிவிட்டுப் போவேன். வேதியியலில் அந்த வாலுக்குத் தனி அர்த்தம் இருக்கிறது. இரும்பில் ஃபெரஸ், ஃபெரிக் என்று பிரிக்கிறோமே, அதே கணக்கு: 'ஓ, யு, எஸ்' என்றால் குறைந்த ஆக்சிஜனேற்ற நிலை, 'ஐ, சி' என்றால் கூடியது. அந்த மூன்றாவது 'ஓ' போட்டு எழுதும் பாஸ்பரஸ் அமிலத்தில் மூன்று ஆக்சிஜன் அணுக்கள். பாஸ்பாரிக் அமிலத்தில் நான்கு. ஓர் ஆக்சிஜன் வித்தியாசத்தில் வயலில் கதையே மாறிவிடுகிறது. பாஸ்பாரிக் அமிலத்தின் உப்பு பயிருக்குச் சாப்பாடு, டி.ஏ.பி. உர மூட்டையில் இருப்பது அந்த வகைதான். மற்றதன் உப்பைப் பயிர் உறிஞ்சும், ஆனால் சத்தாகப் பயன்படுத்திக்கொள்ளாது. மிளகுக் கொடியைச் சாய்க்கும் துரித வாடல் நோய்க்கு மருந்தாக வேண்டுமானால் அதைத் தெளிக்கலாம். ஒன்று சோறு, இன்னொன்று மாத்திரை. இதைப் போய் 'ஓர் எழுத்துதானே' என்கிறார்கள்.

பிழைதிருத்தும் மென்பொருள் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்வதில்லை. இரண்டு வடிவங்களும் அகராதியில் இருக்கின்றன, எனவே சிவப்புக்கோடு விழாது. பிழை பக்கத்தில் சுத்தமாகப் பல்லிளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கண்ணால்தான் பிடிக்க வேண்டும், ஒவ்வொன்றாக.

இதில் புத்திசாலிகள் வேறு. கட்டுரை முழுவதும் ஒரே சொடுக்கில் மாற்றிவிடுகிறேன் என்று கிளம்புவார்கள். மாற்றுவார்கள். அமிலத்தின் பெயரிலிருந்த நியாயமான 'ஓ'வும் அதோடு சேர்ந்து போய்விடும். மறுபடி அதைத் தேடி ஒட்டவைக்க வேண்டியவன் நான். ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் முடித்தாக வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கும் மேலாளருக்கு இதையெல்லாம் விளக்கப் போனால், "பொருள் புரிகிறதல்லவா, விடுங்கள்" என்பார். எந்தப் பொருள் ஐயா? சோறா, மாத்திரையா?

சென்ற மாதம் ஒரு கட்டுரையில் எல்லாவற்றையும் சரிசெய்து ஆசிரியருக்கு அனுப்பினேன். ஏன் திருத்தினேன் என்று ஓரத்தில் குறிப்பும் எழுதியிருந்தேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. கூடவே வந்த மெய்ப்பில், நான் எடுத்த 'ஓ'க்களை எல்லாம் அவர் பொறுமையாகத் திரும்பச் சேர்த்திருந்தார். தலைப்பிலும் ஒன்று, புதிதாக.