சேமித்த மணி நேரம்: 6

வெள்ளிக்கிழமை மதியம் மூணு மணிக்கு எங்கள் டீமில் ஒரு எக்செல் ஷீட் சுற்றுக்கு வரும். பெயர், எம்ப்ளாயி ஐடி, எந்த ஏஐ டூல், எத்தனை தடவை. கடைசிக் கட்டம், ‘சேமித்த மணி நேரம்’. அதில் எட்டு மாசமாக நான் 6 என்றே போட்டு வருகிறேன்.

ஏன் 6? 0 போட்டால் திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டு “ட்ரெய்னிங் ஏதாவது வேணுமா?” என்பார். அந்தக் கேள்வி அப்ரைசல் வரை பின்னாலேயே வரும். 20 போட்டால் இன்னும் மோசம். அப்போ வாரத்துக்கு அரை ஆள் மிச்சம், அந்த அரை ஆள் எதற்கு என்று மேலே ஒருத்தர் கணக்குப் போடுவார். 6 யார் கண்ணையும் உறுத்தாது.

உண்மை என்னவென்றால் அது வாரத்துக்கு வாரம் மாறும். ஆயிரக்கணக்கான வரி லாக் ஃபைலை ஏஐயிடம் கொடுத்து எங்கே இடிக்கிறது என்று கேட்டு, ஒரு முழு நாளை மிச்சம் பிடித்த வாரமும் உண்டு. அது எழுதிக்கொடுத்த டேட்டாபேஸ் க்வெரியை நம்பி ஓடவிட்டு, ராத்திரி பதினொன்றரை வரை உட்கார்ந்து சரிசெய்த வாரமும் உண்டு. அன்றைக்கு மைனஸ் 5 போடலாம் என்று பார்த்தேன். கட்டம் சிவப்பாகி, 0 முதல் 40 வரைதான் போடலாம் என்றது. நஷ்டம் என்ற ஒன்று இருக்கவே முடியாது என்று ஷீட் தயாரித்தவர் முன்னாடியே முடிவு செய்துவிட்டார்.

அலுவலகங்களில் ஏஐ எப்படிப் பயன்படுகிறது என்ற டேட்டாவைக் கம்பெனிகள் தாமாக முன்வந்து ஆய்வாளர்களுக்கும் அரசுக்கும் தர வேண்டும் என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. எனக்கும் சம்மதம்தான். ஆனால் எதைத் தரப்போகிறார்கள்? என்னுடைய 6ஐயா?

நியூயார்க் மாநிலத்தில் ஒன்று செய்து பார்த்தார்கள். கூண்டோடு ஆட்குறைப்பு செய்யும் கம்பெனி அரசுக்கு முன்கூட்டி நோட்டீஸ் தர வேண்டும். 2025 மார்ச்சில் அந்தப் படிவத்தில் ஒரு பெட்டி சேர்த்தார்கள்: தொழில்நுட்பமோ தானியங்கி முறையோ இதற்குக் காரணமா, ஆம் என்றால் டிக். முதல் சில மாதங்களில் வந்த நோட்டீஸ் எதிலும் அந்த டிக் இல்லை. யார் போடுவார்கள்? காரணத்தைக் கேட்டால் வசதியான காரணம்தான் வரும். 2025 ஜூலையில் டிசிஎஸ் 12,000 பேருக்கு மேல் குறைப்பதாக அறிவித்தபோது, இது ஏஐயால் இல்லை என்று அதன் தலைமை அதிகாரி கிருத்திவாசன் சொன்னார். உண்மையாகவே இருக்கலாம். சரிபார்க்க நம் கையில் ஒன்றும் கிடையாது, அவ்வளவுதான் என் குறை.

இன்னொன்று, ஆளை அனுப்புவதாவது செய்தியாகிறது. ஆளை எடுக்காமல் விடுவது எங்கேயும் பதிவாவதில்லை. எங்கள் ஃப்ளோரில் படிப்பு முடித்துப் புதிதாகச் சேரும் ஃப்ரெஷர்களுக்கென்று ஒரு வரிசை உண்டு, எட்டு சீட். முன்பெல்லாம் ஆகஸ்ட் வந்தால் புது ஐடி கார்டு கயிறும் டிபன் பாக்ஸுமாக நிரம்பிவிடும். இந்த வருஷம் இரண்டே பேர். மீதி சீட்டுகளில் பழைய மானிட்டர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். யாருக்கும் வேலை போகவில்லை, நோட்டீஸும் இல்லை. டிக் போட வேண்டிய அவசியமே வரவில்லை.

இதைப் பிடித்தது எது தெரியுமா? சம்பளப் பட்டியல். அமெரிக்காவில் ஏடிபி என்று ஒரு நிறுவனம், லட்சக்கணக்கான பேருக்குச் சம்பளம் போட்டுக் கொடுக்கிற வேலை. அதன் பதிவுகளை வைத்து ஸ்டான்ஃபோர்டின் எரிக் பிரின்யோல்ஃப்சன் குழு 2025 ஆகஸ்டில் ஒரு ஆய்வு வெளியிட்டது. ஏஐ அதிகம் தொடும் வேலைகளில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் சரிந்திருந்தது. அதே வேலைகளில் மூத்தவர்களுக்கு அப்படி இல்லை. காரணம் ஏஐதானா என்ற வாதம் ஓயவில்லை. ஆனால் வாதம் பண்ணவாவது ஒரு கணக்கு கிடைத்ததே. யாரும் குத்துமதிப்பாக நிரப்பிய கட்டமில்லை அது, சம்பளம் ஏறியதா இல்லையா என்ற பதிவு.

ஏஐ விற்கிற கம்பெனிகளும் தருகின்றன. ஆந்த்ரோபிக் 2025 பிப்ரவரியிலிருந்து, தன் ஏஐயான க்ளாடிடம் மக்கள் என்னென்ன வேலை வாங்குகிறார்கள் என்று பெயர் நீக்கித் தொகுத்து வெளியிடுகிறது. நல்லதுதான். ஆனால் அது கடைக்காரரின் கல்லாக் கணக்கு. வாங்கிப் போனவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று அதில் இருக்காது.

எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது விமானக் கதை. 1974 டிசம்பர் 1, வாஷிங்டன் பக்கம் இறங்க வந்த டிடபிள்யூஏ விமானம் ஒன்று வர்ஜீனியாவில் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். ஆறு வாரம் முன்பு அதே இடத்தில், எவ்வளவு தாழ இறங்கலாம் என்ற அதே குழப்பத்தில் ஒரு யுனைடெட் விமானம் மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் பைலட்டுகளை எச்சரித்தது. மற்ற கம்பெனிகளின் காதுக்கு அது போகவில்லை. அப்புறம்தான் தவறுகளைத் தாமாகச் சொல்லும் ஏற்பாடு வந்தது. முதலில் விமானங்களைக் கண்காணிக்கும் அரசுத் துறையே நடத்திப் பார்த்தது. தண்டிக்கிறவரிடமே போய்ச் சொல்ல பைலட்டுகள் தயங்கினார்கள். 1976இல் நாசா கைக்கு மாற்றி, பெயரை நீக்கி வாங்க ஆரம்பித்தபின் சூடுபிடித்து, இன்று வரை ஓடுகிறது.

ஆக, தாமாக முன்வந்து தருவது நடக்காத காரியமில்லை. வாங்குகிறவர் கையில் பிரம்பு இருக்கக் கூடாது. அதோடு, காரணத்தைக் கேட்காமல் கணக்கைக் கேட்க வேண்டும். 2025 நவம்பரில் அமெரிக்க செனட்டர்கள் வார்னரும் ஹாலியும் கொண்டுவந்த மசோதா, ஏஐயால் நிரப்பாமல் விட்ட இடங்களையும் சொல்லச் சொல்கிறது. நிரப்பாத இடத்தைக் கேட்கத் தோன்றியதே பெரிய விஷயம். ஆனால் ‘ஏஐயால்’ என்று சேர்த்தவுடன் அதுவும் அந்த டிக் பெட்டி மாதிரிதான் ஆகும்.

நம் ஊரில் பிஎஃப் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் ஈபிஎஃப்ஓ 2018லிருந்து மாதாமாதம் புது உறுப்பினர் கணக்கை வயது வாரியாக வெளியிடுகிறது. அந்த 22 வயதுப் பையன் டெஸ்டிங்கில் சேர்ந்தானா, சப்போர்ட்டிலா என்பது அதில் இல்லை. கம்பெனிகள் அதை மட்டும் கொடுக்கட்டும்: எந்த வேலை, என்ன வயது, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள், எந்த மாசம் எந்த டூல் வாங்கினார்கள். விளக்கவுரை வேண்டாம்.

போன வெள்ளிக்கிழமை அந்த இரண்டு ஃப்ரெஷர்களில் ஒரு பெண் என் சீட்டுக்கு வந்தாள். “அண்ணா, சேமித்த மணி நேரத்தில என்ன போடட்டும்? நான் சேர்ந்ததே போன மாசம்தான், எதிலேருந்து கழிக்கிறதுன்னு தெரியல.”

4 போடும்மா என்றேன்.