கண்டறிதல் வேறு, கண்டுபிடிப்பு வேறு

போன வாரம் எச்.ஐ.வி.க்கு மருந்து எடுப்பவர்களுக்கான கையேடு ஒன்றின் தமிழாக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனை முடிவில் ‘நாட் டிடெக்டெட்’ என்று வந்தால் என்ன அர்த்தம் என்று ஒரு கேள்வி. பதிலாக, ‘உடலில் வைரஸ் இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பகீரென்றது.

எந்தப் பரிசோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 அல்லது 50 வைரஸ் பிரதிகளுக்குக் கீழே போய்விட்டால் பல கருவிகளுக்கு அது பிடிபடாது. வைரஸ் அப்போதும் சில நோயெதிர்ப்பு செல்களுக்குள் பதுங்கித்தான் இருக்கும். மருந்தை விடாமல் எடுத்து அந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் இன்னொருவருக்குத் தொற்றாது. அது பெரிய நிம்மதி, அதைச் சத்தமாகவே சொல்ல வேண்டும். ஆனால் ‘இல்லை’ என்று படித்தவர், ‘சரி, இனி மாத்திரை எதற்கு’ என்று நிறுத்திவிட்டால்? பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி பெருகிவிடும்.

டிடெக்ஷன் என்றாலே கை தானாக ‘கண்டுபிடிப்பு’ என்று எழுதிவிடுகிறது. தொலைபேசியும் கண்டுபிடிப்பு, புதிய கோளும் கண்டுபிடிப்பு, ஆரம்பநிலைப் புற்றுநோயும் கண்டுபிடிப்பு. ஒரே சொல்லின் தலையில் எத்தனை சுமை! டிடெக்ஷனின் லத்தீன் வேருக்கு மூடியிருப்பதை விலக்குதல் என்று பொருள். அதாவது, பொருள் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

இதற்குக் ‘கண்டறிதல்’தான் சரியான சொல் என்பேன். காண்பது, அறிவது என்று இரண்டு வேலைகள் அதற்குள் இருக்கின்றன. கலிலியோ 1612 டிசம்பரிலும் அடுத்த மாதமும் தொலைநோக்கியில் நெப்டியூனைப் பார்த்தார், தன் குறிப்பேட்டில் புள்ளியாகவும் வரைந்துவைத்தார். அதை நட்சத்திரம் என்றே நினைத்திருந்தார். கண்டார், அறியவில்லை. கணக்குப் போட்டுச் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே 1846இல் பெர்லினில் வானியலாளர் காலே அதைப் பார்த்தபோதுதான் அது கோள் என்று தெரிந்தது. நியூட்ரினோவின் கதை இதற்கு நேர்மாறு. இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று 1930இலேயே இயற்பியலாளர் பவுலி சொல்லிவிட்டார். அது கருவியில் சிக்கியது 1956இல்.

டிடெக்ஷனுக்கு இன்னொரு சொல்லான ‘துப்பறிதல்’ வழக்கு விசாரணைக்குப் பொருந்தும், அதை அங்கேயே விட்டுவிடலாம். அப்புறம் இந்த ‘பொய் கண்டறியும் கருவி’. அது அளப்பது ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் மூச்சையும் வியர்வையையும். பயந்துபோன நிரபராதிக்கும் இவையெல்லாம் எகிறும். ‘கருவி பொய்யைக் கண்டுபிடித்தது’ என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு மனிதரின் பெயரே அதில் கெட்டுப் போகிறதே.

கையேட்டில் அந்த வரியை, ‘பரிசோதனையில் கண்டறிய முடியாத அளவுக்கு வைரஸ் குறைந்திருக்கிறது; மருந்தை நிறுத்த வேண்டாம்’ என்று மாற்றினேன். வாக்கியம் நீளமாகிவிட்டது, கட்டத்துக்குள் அடங்கவில்லை என்றார் பக்கம் வடிவமைப்பவர். எழுத்தைச் சிறிதாக்காமல் கட்டத்தைப் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறேன்.