ஒரு ஆள் சொன்னா போதும்யா!

பழைய டிராக்டர் டிரெய்லர் வாங்கி மூணு வாரம் ஆச்சு. மேலூர் பக்கம் நெல் மூட்டை ஏத்தப் போனா, களத்துல நாலு பேர் நின்னு "லெஃப்ட் ஒடி, ரைட் ஒடி, வரலாம் வரலாம்"னு ஒரே கூச்சல்.

எதுக்கு லெஃப்ட்டு? ஸ்டியரிங்குக்கா, டிரெய்லருக்கா? பின்னால எடுக்கும்போது டிரெய்லர் இடப்பக்கம் போகணும்னா ஸ்டியரிங்கை முதல்ல வலப்பக்கம் ஒடிக்கணும். டிரெய்லர் மடங்க ஆரம்பிச்சதும் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பி அது பின்னாடியே போகணும். கொஞ்சம் பிந்துனாலும் டிரெய்லர் மூலை பெரிய டயர்ல உரசுது. அந்த நேரத்துல கத்துனா எப்படிய்யா?

வித்தவரும் ஒரு வார்த்தை சொல்லல. டிரெய்லரை டிராக்டரோட இணைக்கிற கொக்கியோட பின்னு (pin) கழலாம இருக்க வளைஞ்ச ஆணியை மாட்டி வச்சிருக்காரு! ரோட்டுல கழண்டிருந்தா பின்னால பைக்ல வர்றவன் கதி என்ன? டிரெய்லருக்குத் தனி ஆர்.சி., பேர் மாத்த 29, 30 ஃபாரம் வேணும். அதுல கையெழுத்துப் போடவும் இன்னும் இழுத்தடிக்கிறாரு.