எல்லாருக்கும் எதுக்குங்க ரிப்ளை?

தண்ணித் தொட்டி க்ளீன் பண்றாங்கன்னு எங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷன்லேர்ந்து ஒரு மெயில், 140 வீட்டுக்காரங்க ஐடியையும் வரிசையா எல்லாருக்கும் தெரியற மாதிரி போட்டு. அதுவே தப்புங்க, பிசிசி-ல போட்டிருந்தா யாரோட ஐடியும் வெளிய தெரியாது, ரிப்ளை ஆல் அடிச்சாலும் அனுப்புனவருக்கு மட்டும்தான் போகும். இங்க ஒருத்தர் "ஓகே நன்றி"ன்னு எல்லாருக்கும் போட, அதைப் பாத்து இன்னும் இருபது பேர் நன்றி சொல்ல, அப்புறம் "என்னை இதுலேர்ந்து எடுங்க"ன்னு ஒருத்தர் அதையும் எல்லாருக்கும் அனுப்ப, "ரிப்ளை ஆல் போடாதீங்க"ன்னு சொல்ற மெயிலும் ரிப்ளை ஆல்லதான் வருது! இந்தக் குவியல்ல அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட் கீழ போயிருச்சு, சாயங்காலம்தான் கண்ணுல பட்டுச்சு. காலைலேர்ந்து அதுக்காகத்தான் காத்துட்டு இருந்தோம், எனக்கு அப்படி ஒரு கோவம்.

2016 நவம்பர்ல இங்கிலாந்தோட அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்-ல ஒரு டெஸ்ட் மெயில் தவறுதலா 8 லட்சம் பேருக்கு மேல போயி, ஆளாளுக்கு ரிப்ளை ஆல் அடிச்சதுல மெயில் சிஸ்டமே திணறிடுச்சு. ஆஸ்பத்திரில வேலை பாக்கறவங்க மெயில் அது, எவ்ளோ முக்கியமானது தேங்கி நின்னிருக்கும்!

இது புதுசா சொல்ற விஷயமும் இல்ல. இணையத்துல எப்படி நாகரிகமா நடந்துக்கணும்னு 1995-ல வந்த ஆர்எஃப்சி 1855-ங்கற வழிகாட்டிலயே, பேச்சு ரெண்டு பேருக்குள்ள ஆயிட்டா மத்தவங்களை சிசி-ல இழுத்துட்டே போகாதீங்கன்னு இருக்கு. அனுப்பறதுக்கு முன்னாடி மேல இருக்கற பேரை ஒரு தடவை பாக்க அஞ்சு செகண்ட் ஆகுமா?

நேத்து ராத்திரி 11 மணிக்கு இன்னொரு "நோட்டட்" வந்துச்சு, தொட்டி க்ளீன் பண்ணி முடிச்சு நாலு நாள் ஆச்சு.