மாதிரிக் குப்பிக்கும் மனமில்லை

ஊட்டியிலிருந்து மலையிறங்கிக் கோவைக்கு வந்து 12,000 ரூபாய்க்கு வாசனைத் திரவியம் வாங்குபவருக்கு, 2 மில்லி சாம்பிள் கொடுக்கக் கடைக்காரர்கள் மூக்கால் அழுவது எரிச்சலூட்டுகிறது. காகிதப் பட்டையில் ஒருமுறை அடித்து நீட்டிவிட்டு, "பில் போட்டுடலாமா சார்?" என்று அவசரப்படுத்துகிறார்கள். முதலில் எழும் எலுமிச்சை, ஆரஞ்சு வாசமெல்லாம் சிறிது நேரத்தில் பறந்துவிடும். அடியில் தங்கும் சந்தனமும் கஸ்தூரியும் எப்படியிருக்கும் என்பது தோலில் பூசிச் சில மணி நேரம் கழித்தே தெரியும். அதிலும் குளிரில் வாசனை மெதுவாகவே ஆவியாகும் என்பதால், கோவை வெயிலில் கமகமத்தது ஊட்டிப் பனியில் கம்பளிச் சட்டைக்குள்ளேயே அடங்கிப்போகிறது. (நீலகிரித் தைலம் விற்கும் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்காரர்கூடக் கேட்காமலேயே புறங்கையில் இரண்டு சொட்டு விடுவார்.) சாம்பிள் கேட்டதற்கு "ஸ்டாக் இல்லை" என்று கைவிரித்த விற்பனையாளர், பில் புத்தகம் எடுக்க மேசை டிராயரைத் திறந்தபோது, 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட குப்பிகள் அங்கே குவிந்து கிடந்தன.