மஞ்சள் கால் வல்லூறை விட்டுவிடுங்கள்

வல்லூறு வளர்த்து வேட்டைக்குப் பழக்கும் கலைக்காகக் காட்டுப் பறவைகளைப் பிடிக்கலாமா என்று பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சிதான். முழுசாகத் தடை போடு என்பது ஒன்று. 2010இல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்ட பாரம்பரியம், கை வைக்காதே என்பது இன்னொன்று. பிடிக்கும் பறவைக்கு என்ன வயது என்று இரண்டு பக்கமும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

வேட்டைப் பறவைகளில் பொதுவாகப் பாதிக்கு மேல் முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை. இரை பிடிக்கத் தெரியாமல் பட்டினி கிடந்தே பல செத்துப்போகும். அப்படி ஓர் இளசைப் பிடித்து, குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டு, வேட்டையும் பழக்கித் திரும்ப விட்டால் இனத்துக்குப் பெரிய இழப்பு இல்லை. அரபுப் பாலைவனத்து மக்களின் பழைய வழக்கமே அதுதான். வலசை வரும் பருவத்தில் பிடிப்பார்கள், குளிர் முடிந்ததும் பறக்க விடுவார்கள்.

கூடு வைத்து வளர்க்கும் வயதுக்கு வந்த பறவையைப் பிடிப்பது அப்படியல்ல. ஒன்று போனால் அந்த வருடத்துக் குஞ்சுகளும் போச்சு. அதிலும் சேக்கர் என்ற வல்லூறு இனத்தில் பெட்டைதான் உருவில் பெரியது, ஆகவே வியாபாரிக்கும் அதன்மேல்தான் கண். 2012 முதல் அந்த இனம் அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. மின்கம்பத்தில் அடிபட்டுச் சாவதும் பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. அதற்காகத் திருட்டுப் பிடியைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. 2020இல் கராச்சியில் ஒரே நடவடிக்கையில் 70க்கும் மேற்பட்ட வல்லூறுகள் சிக்கின.

பிடிக்கிற முறையைக் கேட்டால் மனசு கனக்கும். புறாவின் முதுகில் ஒரு கவசம், அது நிறைய நைலான் சுருக்குகள். பாய்ந்து அடிக்கும் வல்லூறின் விரல் அதில் மாட்டிக்கொள்ளும். மிரளாமல் இருக்க இமைகளை ஊசி நூலால் தைத்துவிடுவதும் உண்டு. இளசோ முதிர்ந்ததோ, இதை எந்தச் சட்டமும் அனுமதிக்கக் கூடாது.

வயதைக் கண்டுபிடிப்பது சேக்கரில் கஷ்டமே இல்லை. இளசின் கால் நீலச் சாம்பல், முதிர்ந்ததன் கால் மஞ்சள். ஆனால் வளர்ப்பிலேயே வருடம் போனாலும் கால் மஞ்சளாகிவிடும். அப்புறம் வந்து பார்த்து என்ன பயன்? பிடித்த கையோடு வயதைக் குறித்து, உடலில் சிப் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2002 முதலே வல்லூறுகளுக்குப் பாஸ்போர்ட் தருகிறது. எல்லை தாண்டும் பறவைக்கு அது இருக்கும்போது, பிடிபடும் இடத்தில் ஏன் முடியாது?

அமெரிக்காவில் பெரும்பாலான இனங்களில் ஒரு வயதுக்குக் குறைந்த காட்டுப் பறவையைத்தான் பிடிக்கலாம். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி மருந்தால் பொரி வல்லூறு அங்கே ஏறக்குறைய ஒழிந்தபோது, 1970இல் டாம் கேட் தொடங்கிய அமைப்பு குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டில் விட்டது. அவரும் வல்லூறு வளர்த்தவர்தான். 1999இல் அந்தப் பறவை அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

வல்லூறு வளர்க்கும் கலைஞர்களிடம்தான் நான் கேட்கிறேன். விற்க வருபவனிடம் விலை பேசுவதற்கு முன்னால் பறவையின் பதிவைக் கேளுங்கள். பதிவு இல்லாத மஞ்சள் கால் பறவையை வாங்காதீர்கள்.