ஓடியவன் தப்பினான், நின்றவன் மாட்டினான்

இன்று காலை ஐந்தே முக்காலுக்குப் பெரியம்மா குடும்பக் குரூப்பில் போட்ட வீடியோவில் இருப்பது நான்தான். ஒளிக்க ஒன்றுமில்லை. பொல்கொட ஏரி, மஞ்சள் லைஃப் ஜாக்கெட், என் ஜெட் ஸ்கீ (தண்ணீரில் மோட்டார் சைக்கிள் போல ஏறி இருந்து ஓட்டும் வண்டி), பக்கத்தில் பாதி மூழ்கிய வள்ளம், அதன் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரில் கிடக்கும் ஒரு வயதான மனிதர். மொத்தம் இருபத்திரண்டு வினாடி. "பணக்காரப் பெடியளின் விளையாட்டு, ஏழையின் வயிற்றில் அடி" என்று யாரோ சிங்களத்தில் எழுதிவிட, அது எத்தனை கை மாறியோ கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெரியம்மா கீழே எழுதியிருந்தார்: "இது நீதானே? வெட்கமாய் இல்லையா?" கனடாவில் இருக்கும் சித்தப்பா அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறார்.

எனக்குக் கை நடுங்கியது. அந்த வீடியோ தொடங்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. செய்தவன் போய்விட்டான். நான் நின்றேன். நின்றதால் படத்தில் இருக்கிறேன்.

நடந்ததை முழுதாகச் சொல்லாமல் விடமாட்டேன்.

ஞாயிறு காலை பத்தரை இருக்கும். மொறட்டுவைப் பக்கத்து ஏரி. இரண்டு பெடியள் புத்தம் புதிய ஜெட் ஸ்கீ ஒன்றில் என் பக்கத்தில் வந்து நின்று, கிட்ட எங்கே பெற்றோல் அடிக்கலாம் என்று கேட்டார்கள். அப்போதுதான் அதைக் கண்டேன். சுருள் சுருளாக இருக்கும் அந்தச் சிவப்புக் கயிறு. ஒரு முனை என்ஜினை நிறுத்தும் பொத்தானில், மற்ற முனை ஓட்டுகிறவரின் மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ இருக்க வேண்டும். ஆள் விழுந்தால் கயிறு இழுபடும், என்ஜின் நிற்கும். இந்தப் பெடியன் அதைக் கைபிடியில் மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருந்தான். "தம்பி, அதைக் கையில் மாட்டுங்கோ" என்றேன். சிரித்தான். பின்னால் இருந்தவனும் சிரித்தான். அவனுக்கு ஜாக்கெட்டே இல்லை, கையில் ஃபோன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கிடக்கிறது.

இருபது நிமிடம் கழித்து நான் கரையோரமாக மெல்லப் போய்க்கொண்டிருந்தேன். கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஃபைபர் வள்ளத்தில், வீடியோவில் இருக்கும் அந்த வயதான மீன்பிடி மாமா எழுந்து நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார். கயிற்றைக் கைபிடியில் சுற்றிய அந்தப் பெடியன் எதிர்ப்பக்கத்திலிருந்து நேரே அவரை நோக்கி வந்தான். கிட்டப் போய் ஒரு வெட்டு வெட்டித் தண்ணீர் அடித்துக் காட்டலாம் என்பது அவன் எண்ணம். பின்னால் இருந்தவன் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்ததும் தெரிந்தது. கிட்ட வந்ததும் பயந்துவிட்டான். பயந்தவன் எல்லாரும் செய்வதைத்தான் செய்தான்: அக்சிலேற்றரை விட்டுவிட்டுக் கைபிடியைத் திருப்பினான்.

தயவுசெய்து இதை ஒருமுறையாவது கேளுங்கள். ஜெட் ஸ்கீயில் சுக்கான் கிடையாது. அடியிலே தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் ஒரு குழாய் வழியாகப் பீச்சுகிறது. கைபிடி அந்தக் குழாயின் வாயைத்தான் திருப்புகிறது. அக்சிலேற்றரை விட்டால் பீச்சல் இல்லை, பீச்சல் இல்லாவிட்டால் திரும்பாது. கைபிடியை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி நேரே போகும். பழைய வண்டிகளில் பிரேக்கும் இல்லை. மோதாமல் இருக்கக் கொஞ்சம் அக்சிலேற்றர் கொடுத்துத்தான் திருப்ப வேண்டும். பயத்தில் இருக்கிறவனுக்கு அது தானாக வராது, பழக்கினால்தான் வரும். ஐந்து நிமிடம் செலவழித்து இதைச் சொல்லிக்கொடுத்தால் போதும். முன்பு ஒரு கடற்கரையில் வாடகைக்கு எடுத்தபோது எனக்குச் சொன்னது என்ன தெரியுமா? "இது ஸ்டார்ட், இது ஸ்டொப், பதினைந்து நிமிடத்தில் வாங்கோ." அவ்வளவுதான். காசு வாங்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு உயிரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசத் தெரியவில்லை.

வண்டி ஒரு கை தூரத்தில் மாமாவைத் தாண்டியது. தாண்டியதும் அவன் திரும்பவும் முழு அக்சிலேற்றர் பிடித்தான். கைபிடி இன்னும் முறுகியபடியே இருந்ததால் பின்பக்கம் சுழன்று, ஒரு சுவர் போலத் தண்ணீர் எழும்பி வள்ளத்துக்குள் விழுந்தது. மாமா மறுபக்கம் விழுந்தார். மீன் பெட்டி மிதந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்ததை நான் கண்டேன். பார்த்துவிட்டுத்தான் போனான்.

நான் போனேன். வேகமாகப் போகவில்லை, அதற்கும் காரணம் இருக்கிறது. என்னுடையது பழைய வண்டி. இரண்டு நண்பர்களோடு பங்கு போட்டு வாங்கியது, இதில் அப்பன் காசு ஒரு சதம் இல்லை. என்ஜின் ஓடினால் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், அடியிலே உறிஞ்சிக்கொண்டும் இருக்கும். தண்ணீரில் ஒரு மனிதர், அவரைச் சுற்றி வலை. அதனால் பத்து மீற்றருக்கு முன்பே என்ஜினை நிறுத்தி, மிச்சத் தூரத்தைக் கையால் துடுப்புப் போட்டுப் போனேன். "மாமா, என் பின்பக்கத்தைப் பிடியுங்கோ" என்றேன். அவர் வள்ளத்தை விடமாட்டேன் என்றார். வலை போய்விடும் என்றார். அப்போதுதான் கரையிலிருந்து கத்தல் தொடங்கியது.

கரையில் பிக்னிக் வந்த ஒரு கூட்டம், இருபது பேராவது இருப்பார்கள். நடந்ததை முழுதாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. கத்தியவர்கள் எல்லாரும். ரவுடி என்றார்கள். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்றார்கள். ஒரு வெறும் போத்தல் என் தலைக்கு மேலால் போய் விழுந்தது. தண்ணீரில் கிடக்கும் மனிதருக்கு ஒரு ரியூப்பாவது எறியலாமே, ஒருவராவது இறங்கலாமே. இல்லை. ஃபோனைத் தூக்கினார்கள். மாமாவே கையை ஆட்டி "இவன் இல்லை, இவன் இல்லை" என்று சொன்னார். இருபத்திரண்டு வினாடியில் அதுவும் இருக்கிறது. பாட்டுப் போட்டு அந்தச் சத்தத்தை அழித்துவிட்டார்கள்.

ஜெட் ஸ்கீ என்றால் ரவுடி. இந்தக் கணக்கை யார் போட்டது? மோட்டார் சைக்கிளில் ஒருவன் சங்கிலி அறுத்தால் மோட்டார் சைக்கிள்காரர் எல்லாரையும் திருடர் என்கிறோமா? சத்தம் அதிகம் என்கிறீர்களா, சரி, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் வீடுகளுக்கும் பறவைகள் இருக்கும் சதுப்புக்கும் கிட்ட நான் ஓட்டுவதில்லை. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்றுத் தொடங்கினால் கடல் பக்கமே எடுப்பதில்லை. வள்ளத்தைக் கண்டால் நடக்கும் வேகத்துக்கு வருகிறேன். பாதி வேகத்துக்குக் குறைத்துவிட்டு மரியாதை செய்ததாக நினைக்கிற ஓட்டிகளும் இருக்கிறார்கள், அவர்கள்மேலும் எனக்குக் கோபம். மூக்குத் தூக்கி, பின்பக்கம் தாழ்ந்து போகும் அந்தப் பாதி வேகத்தில்தான் ஆகப் பெரிய அலை எழும்பும். வள்ளத்துக்குக் கிட்ட வந்து அப்படிக் குறைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. தூரத்திலேயே முழுதாகக் குறைக்க வேண்டும்.

கப்பல்கள் மோதாமல் இருக்க 1972-இல் உலக நாடுகள் சேர்ந்து எழுதிய விதிகள் உண்டு. கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் பெரிய கொள்கலன் கப்பலும் அதன்படிதான் ஓடுகிறது. ஐந்தாவது விதி, கண்ணாலும் காதாலும் எந்நேரமும் கவனித்துக்கொண்டிரு என்பது. ஆறாவது, நேரத்துக்கு நிற்கக்கூடிய வேகத்தில் போ என்பது. இவ்வளவுதான் கேட்கிறேன். ஓடிப்போன அந்த இரண்டு பெடியளிடமும், ஐந்து நிமிடம் பேசாமல் வாடகைக்கு விடுகிறவர்களிடமும் கேட்கிறேன். ஓடினவன் பக்கம் ஒரு ஃபோனும் திரும்பவில்லையே என்று கரையில் நின்றவர்களிடமும் கேட்கிறேன்.

மாமாவையும் வள்ளத்தையும் கரைக்கு இழுக்க முக்கால் மணித்தியாலம் போனது. வலை ஓரிடத்தில் கிழிந்துவிட்டது. நான் நீட்டிய காசை அவர் வாங்கவில்லை. "நீ ஏன் தருகிறாய், மகனே?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இது மட்டுமில்லை. திரும்பி வரும்போது வண்டி இழுக்கவில்லை. என்ஜின் அலறுகிறது, வண்டி அசையவில்லை. கரையேற்றிச் சரித்துப் படுத்துப் பார்த்தால், அடியில் உறிஞ்சும் கம்பிவலைக்குள் ஒரு லஞ்ச் ஷீட் (சோறு பொதியும் பொலித்தீன் தாள்), சுருண்டு இறுகிப்போய்க் கிடக்கிறது. கத்தியால் துண்டு துண்டாக வெட்டி எடுக்க இரண்டு மணித்தியாலம். மடிப்புக்குள் பருப்பின் மஞ்சளும் நாலு சோறும் அப்படியே இருந்தன. அன்றைக்குச் சாப்பிட்ட சோறு. ஏரியைக் கெடுக்கிறேன் என்று என்மேல் போத்தல் எறிந்த அதே கரையில்தான் சோற்றுப் பார்சல் பிரித்தார்கள், என் கண்ணால் பார்த்தேன்.

அந்தத் துண்டுகளை நான் எறியவில்லை. கழுவிப் பல்கனியில் காயப்போட்டிருக்கிறேன். பெரியம்மா மத்தியானம் நேரிலே வந்து பேசுவதாக எழுதியிருக்கிறார். வரட்டும். தேத்தண்ணி கொடுப்பதற்கு முன்பு அதைத்தான் காட்டப்போகிறேன்.